தாயின் பாவமல்ல, சாதியின் கணக்கு

கோவில்பட்டிக் கரிசல் ஊர்களில் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையென்றால் ‘தாய் செய்த பாவம்’ என்பார்கள். மரபணு ஆய்வு மாணவனாக இதை மறுக்கிறேன்.

வளர்ச்சிக் குறைபாடுகளுக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று பினைல்கீட்டோனூரியா. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய் வரும். கவனிக்காவிட்டால் மூளை வளர்ச்சி குன்றும், நடத்தையும் மாறும். பிறந்த சில நாளில் குதிகால் ரத்தத்தில் கண்டறிந்து உணவை மாற்றினால் பாதிப்பைத் தடுக்கலாம். தலையெழுத்து என்று எதுவுமில்லை.

அகமணம் இத்தகைய மரபணுக்கள் சேரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. சில மூதாதையரின் மரபணுக்களே ஒரு குழுவுக்குள் சுழல்வதற்குப் பேர்போனவர்கள் பின்லாந்து மக்கள். தெற்காசியாவின் 263 குழுக்களில் 81இல் அது அவர்களைவிடத் தீவிரம் என்றது 2017ஆம் ஆண்டு ஆய்வு. அகமணமே சாதியின் உயிர்நாடி என அம்பேத்கர் 1916இலேயே சொன்னார்.

கூண்டில் ஏற்ற வேண்டியது தாயை அல்ல, சாதியை. அரசு மருத்துவமனையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்போம்.