ஒரு கம்புக்கு எழுபதாயிரம் ரூபாயா?

கிரைண்டர், இன்வெர்ட்டர், ஏலச்சீட்டு என்று ஓடிக்கொண்டிருந்த இந்தப் பக்கத்துக்கு இந்த வாரம் கடலில் இருந்து ஒரு கேள்வி. கேட்டிருப்பவர் என்னவோ எங்கள் கே.கே. நகர்க்காரர்தான்.

“அக்கா, பையனுக்கு 25 வயசு, சென்னையில் வேலை. ஒரு வருஷமாக மண்டபம் பக்கம் போய், பலகை மேல் நின்று பாய் பிடித்து ஓட்டுகிற விளையாட்டு கற்றுக்கொள்கிறான். இப்போது கார்பன் பூம் வேண்டுமாம், விலை 70,000. படத்தில் பார்த்தால் வளைந்த கம்பு, அவ்வளவுதான். அலுமினியத்தில் 25,000-க்கே கிடைக்கிறதாம். ‘ஒரு கம்புக்கு எழுபதாயிரமா?’ என்று அவங்க அப்பா கேட்டதில் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. வாங்கலாமா, வேண்டாமா?”

முதலில் அந்தக் கம்பு என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். விண்ட்சர்ஃபிங் பலகையில் உட்கார இடம் கிடையாது, சுக்கானும் கிடையாது. பாய்மரம் எல்லாப் பக்கமும் சாயும்படி ஒரு ரப்பர் மூட்டில் நிற்கும். பாயின் இரண்டு பக்கமும் வளைந்து வந்து, முன்னால் பாய்மரத்தையும் பின்னால் பாயின் நுனியையும் பிடித்துக்கொள்கிற சட்டம்தான் பூம். ஓட்டுபவர் பிடித்திருப்பது அதைத்தான். இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டித் தொங்குவதும் அதில் கட்டிய கயிற்றில்தான். சைக்கிளுக்கு ஹேண்டில்பார், பிரேக், சீட் மூன்றையும் ஒரே கம்பியில் செய்தால் எப்படியோ, அப்படி.

இந்தக் கம்பின் வளைவுக்காக இங்கிலாந்தில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹோய்ல் ஸ்வைட்சர், ஜிம் டிரேக் என்ற இருவர் 1968-இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். டிரேக் விமானத் துறைப் பொறியாளர். பின்னால் அவர்கள் நிறுவனம் இன்னொரு தயாரிப்பாளர் மேல் வழக்குப் போட்டது. பீட்டர் சில்வர்ஸ் என்பவர் 12 வயதுச் சிறுவனாக இருந்தபோதே, 1958-இல், ஹேலிங் தீவில் இப்படி ஒரு பாய்ப்பலகை செய்து ஓட்டினார் என்று எதிர்த்தரப்பு நிரூபித்தது. ‘அவன் கம்பு நேர்க்கம்பு, எங்களுடையது வளைந்த கம்பு’ என்று நிறுவனம் வாதாடியது. காற்று பிடித்ததும் அந்த நேர்க்கம்பும் வளையத்தானே செய்யும் என்றது நீதிமன்றம். 1985-இல் மேல்முறையீட்டிலும் நிறுவனம் தோற்றது. அந்தக் காலத்துப் பூம்கள் தேக்கில் செய்தவை. நம் ஊர் நிலைக்கதவுக்குப் போட்டியாக அங்கே கடலிலும் தேக்கு! பிறகு அலுமினியம் வந்தது, அதற்கப்புறம் கார்பன்.

காற்றில் பூம் வளைகிறது என்று அந்த நீதிமன்றம் சொன்னதில்தான் உங்கள் எழுபதாயிரத்துக்கான பதிலும் இருக்கிறது. மணிக்கு 28 கிலோமீட்டர் காற்றில் 5.5 சதுர மீட்டர் பாயின் மேல் சுமார் 20 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு, அதாவது சுமார் 80 கிலோ. அந்த இழுப்பில் பூம் நெளிந்தால் பாயின் பின்நுனி முன்னால் நகரும், பாய் தொப்பை போடும். தட்டையாக நின்று காற்றைக் கழித்துவிட வேண்டிய நேரத்தில் பாய் காற்றை இன்னும் அள்ளிக்கொள்ளும். அந்தச் சுமை ஓட்டுபவரின் முன்கையில் வந்து இறங்கும். கார்பன் பூம் விறைப்பாக நிற்கும், பாயும் இருந்த வடிவத்திலேயே இருக்கும். கடைக்காரர்கள் எடை எடை என்றுதான் பேசுவார்கள், நம்பாதீர்கள். அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் எடையில் பெரும்பாலும் அரைக் கிலோ முன்னே பின்னேதான் வித்தியாசம். கொடுக்கிற காசு விறைப்புக்கு.

அந்த விறைப்பு எல்லாருக்கும் தேவையா என்றால், இல்லை. 7, 8 சதுர மீட்டர் பாய் கட்டுகிறவர், 80 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர், பந்தயத்துக்குப் போகிறவர் இவர்களுக்குக் கார்பன் ஆடம்பரமே அல்ல. 2024 ஒலிம்பிக்கில் புதிதாகச் சேர்ந்த ஐக்யூஃபாயில் போட்டியில் ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 8 சதுர மீட்டர் பாய். அங்கே அலுமினியத்தோடு போய் நிற்க முடியாது. 5, 5.5 அளவுப் பாயில் பூமின் நீளமே குறைவு, அதனால் நெளிவும் குறைவு. நீளம் 10 சதவீதம் கூடினால் நெளிவு 30 சதவீதத்துக்கு மேல் கூடும். துணி காயப்போடுகிற கொடிக்கம்பைச் சுவரை ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள், அப்புறம் நுனியில் அழுத்துங்கள். அந்தக் கணக்குதான்.

உங்கள் பையனின் எடை 63 கிலோ, பாய் 5.5, அதுவும் பழசு வாங்கியது என்று இரண்டாவது கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். என் தீர்ப்பு: இப்போதைக்கு நல்ல அலுமினியப் பூம் போதும். மிச்சக் காசில் முதலில் அந்தப் பாய்க்குப் பொருத்தமான, கார்பன் கூடுதலாக உள்ள பாய்மரம் வாங்கட்டும். பாய் சரியாக நிற்பதற்கு பூமை விட மரம்தான் முக்கியம்.

ஒன்றில் மட்டும் நான் பையன் கட்சி. கை வலிக்கிறது என்று அவன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அது சாக்கு அல்ல. தடித்த கம்பை மணிக்கணக்கில் இறுக்கிப் பிடித்தால் முழங்கையின் உள்பக்கத் தசைநார் புண்ணாகும். அதனால் அலுமினியமோ கார்பனோ, கைக்கு அடங்குகிற மெல்லிய குழாயாகப் பார்த்து எடுக்கட்டும். இதிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. அதே கனமுள்ள சுவரோடு 30 மில்லிமீட்டர் குழாயை 26 ஆக்கினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மெல்லியதாகவும் விறைப்பாகவும் இரண்டும் வேண்டும் என்கிறபோதுதான் கார்பன் தன் விலைக்கு நியாயம் சொல்கிறது. சின்னக் கை உள்ளவர்கள், பெண்கள், பாய் சின்னதானாலும் கார்பனைப் பற்றி யோசிக்கலாம் என்பேன்.

நாளைக்குப் பெரிய பாய்க்கு மாறிக் கார்பன்தான் வாங்குவதென்றால், பாயிலேயே பூம் நீளம் அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்க்க வேண்டும். 190 தேவைப்படுகிற பாய்க்கு 140 முதல் 190 வரை நீள்கிற பூம் வாங்கினால் கடைசித் துளையில் மாட்டி ஓட்ட வேண்டிவரும். பூம் மிகவும் பலவீனமாக இருப்பது அந்த நிலையில்தான். 160-இல் தொடங்குவதை எடுத்தால் நடுவில் நிற்கும். முன்தலை தன் பாய்மரத்தின் பருமனைக் கவ்வுகிறதா என்பதும் முக்கியம். மெல்லிய மரத்துக்குத் தனியாக ஒரு ரப்பர் வளையம் வேண்டியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதில் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. பூமின் எடை இரண்டு, இரண்டரை கிலோதான். ஆனால் கூரியர்காரர் பெட்டியின் அளவைப் பார்ப்பார். 160, 60, 20 சென்டிமீட்டர் பெட்டி என்றால், பெருக்கி 5,000-ஆல் வகுத்து 38 கிலோ என்று பில் போடுவார். சுங்க வரியும் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, சரக்குக் கட்டணத்தையும் சேர்த்துத்தான். பையன் சொன்ன 70,000-இல் இதெல்லாம் அடக்கமா என்று அப்பா கேட்கட்டும். பேச்சு தொடங்க அதுவும் ஒரு வழி.

பழையது வாங்கலாமா? அலுமினியம் என்றால் வளைவு, நசுங்கல் கண்ணில் படும். பின் நீட்டுக்குழாய் உருவிக்கொண்டு வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள், உப்பு அரித்து இறுகியிருந்தால் எடுக்காதீர்கள். கார்பன் அப்படிச் சொல்லிக்கொண்டு கெடாது. உள்ளே விரிசல் விட்டு, கைப்பிடி ரப்பருக்கு அடியில் ஒளித்துவைத்து, ஒரு நாள் பட்டென்று போகும். சந்தையில் பானை வாங்குகிற மாதிரி நாணயத்தால் நீளம் முழுக்கத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஓசை ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் விட்டுவிடுங்கள். முன்தலை கவ்வும் இடம், இடுப்புக் கயிறு தேயும் இடம், பின்குழாயின் துளைகள் மூன்றையும் தனியாகப் பாருங்கள். கார்பனும் அலுமினியமும் சேர்ந்த கலப்புப் பூம் என்றால் இன்னும் கவனம். உப்புத் தண்ணீரில் கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கிற அலுமினியம் சீக்கிரம் அரித்துப்போகும்.

இவ்வளவு துருவிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் காசு மட்டும் இல்லை. மண்டபத்தில் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. ஆடி மாதத் தென்மேற்குக் காற்று வடகரையில் நின்றால் தரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஓட்ட அருமையாக இருக்கும். அந்த நேரம் பார்த்துப் பூம் முறிந்தால் பாயைப் பிடிக்க வழியில்லை. காற்று ஆளைக் கரைக்குக் கொண்டுவராது, இலங்கைப் பக்கம் கொண்டுபோகும். கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குக் காற்றுக்குத் தென்கரையில் இதே கதைதான். அதனால் தனியாகப் போகக் கூடாது. மிதவை உடை, விசில், நீர்புகாத உறையில் போன், இரண்டு மீட்டர் கயிறு இவை இல்லாமல் இறங்கக் கூடாது. முறிந்த பூமைக் கயிற்றால் கட்டி மெதுவாகத் திரும்பி வந்தவர்கள் உண்டு. அது முடியாவிட்டால் பலகையை விட்டு நீந்தாமல் அதன் மேலேயே கிடந்து உதவிக்குக் கை காட்ட வேண்டும். கரையில் அவனைக் கவனித்துக்கொண்டு ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள், தங்கச்சி. பூம் எந்த உலோகம் என்பதைவிட நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

வாங்கிய பிறகு பராமரிப்பு பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு தடவையும் பின்குழாயை உருவி, மணலும் உப்பும் போக உள்ளும் புறமும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கே.கே. நகர் போர் தண்ணீரும் உப்புதானே என்பீர்கள். பரவாயில்லை, கடலுக்கு அது எவ்வளவோ மேல். மொட்டை மாடியில் மட்டும் போட்டுவைக்க வேண்டாம். நம் சித்திரை வெயிலில் கைப்பிடி ரப்பர் உரிந்துவிடும். மாடிப்படிக்குக் கீழே, பழைய குடைகள் கிடக்கிற இடத்தில் நிற்கட்டும். குழாய்களைத் தனித்தனியாகப் பிரித்தே வையுங்கள்.