சுமந்தவர்களின் பெயரில் ஒரு பாதை வேண்டும்

கொடைக்கானலில் சுற்றிப் பார்க்கும் இடங்களின் பெயர்களை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். 1872இல் பாதை அமைத்த கோக்கர் என்ற அதிகாரியின் பெயர் 'கோக்கர்ஸ் வாக்' என்று மலை விளிம்பில் இன்றும் நிற்கிறது. 1863இல் ஏரியை உருவாக்கியவர் மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் என்கிறார்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைச்சாலை, மேஜர் லாவின் பெயரால் 'லாஸ் காட்'. ஏரிக்குக் கரை போட்டவர்கள், பாறை உடைத்தவர்கள் யார்?

அந்தச் சாலை வருவதற்கு முன், பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கர் தோப்பு வரை மாட்டுவண்டியில் வந்த துரைமார்கள், அங்கிருந்து சுமார் 18 கி.மீ. தூரத்தை நடந்தோ குதிரையிலோ பல்லக்கிலோ ஏறினார்கள். பல்லக்கு தானாக மலை ஏறாது. அந்தப் பழைய பாதையின் பெயர் 'கூலி காட்'. கவனியுங்கள் தோழர்களே, உட்கார்ந்து போன வர்க்கத்துக்கு ஆள் பெயர். தூக்கிப் போனவர்களுக்கு வெறும் 'கூலி'.

நான் குத்தம்பாக்கத்துக்காரன். எங்கள் பக்கம் மலை இல்லை, ஏரியும் வயலும்தான். ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குப் பழக்கமானது. தமிழ்நாடு முழுக்க ஊருக்கும் தெருவுக்கும் பெயர் உண்டு. சேரிக்குக் 'காலனி' என்பதே போதும் என்றன பதிவேடுகள். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். அழித்த இடத்தில் யார் பெயரை எழுதுவது என்பது அடுத்த கேள்வி. அது மலைக்கும் பொருந்தும்.

பெயரை மாற்றினால் குழப்பம் வரும் என்பார்கள். 'டெவில்ஸ் கிச்சன்' 1991இல் வந்த ஒரு படத்துக்குப் பிறகு 'குணா குகை' ஆனது. யாரும் வழி தவறவில்லை. சினிமாவுக்குக் கிடைத்த இடம் உழைப்பாளிக்குக் கிடைக்காதா?

பெயர்ப்பலகை சோறு போடுமா என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1821இல் நில அளவைக்கு வந்த வார்டு, வெள்ளகவி கிராமத்திலிருந்துதான் மேலே ஏறினார். கொடைக்கானலுக்கு மூத்த ஊர் அது. ஆனால் சாலை இல்லாமல் அங்கே நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளைப் பல ஆண்டுகளாகப் படித்தோம். பயணிகளின் பல்லக்கு போய் நூறாண்டு ஆகியும், ஊர்க்காரர்களின் தோளில் டோலி இருந்தது. 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தால் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன 591 தொழிலாளர்கள், 2016இல்தான் நிறுவனத்தோடு உடன்பாடு காண முடிந்தது. அந்த ஆலை எந்தச் சுற்றுலாப் பட்டியலில் இருக்கிறது? வரைபடத்தில் இல்லாதவர்களின் கோரிக்கை கோப்பிலும் கடைசியில்தான் நகரும்.

எங்கள் ஊர்ச் சமத்துவபுரத்தில் தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒட்டி வாழும் இரட்டை வீடுகள் உண்டு. பெயரோடு சேர்த்து இருப்பும் மாறினால்தான் சமத்துவம் என்பதை அங்கே கற்றேன். ஆகவே கோரிக்கை இரண்டு. மலைக்கிராமங்களுக்குச் சாலையும் மருத்துவமும் வேண்டும். கூலி காட்டின் அடிவாரத்தில், சுமந்தவர்களையும் அந்த மலையின் பழங்குடிகளான பளியர்களையும் சொல்லும் பலகை வேண்டும்.

அவர்களின் பெயர்களுக்கு எங்கே போவது என்று அதிகாரிகள் கையை விரிக்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் அடிவார ஊர்ப் பெரியவர்களிடமும் தேடுவது என்னைப் போன்ற ஆய்வு மாணவர்களின் வேலை. பலகைக்கான இடத்தை அரசு ஒதுக்கட்டும்.