பெங்களூரு–கொச்சி நெடுஞ்சாலையில் உறங்க ஓர் இடம்

ஒன்றிய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்



பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், அவிநாசி, கோவைப் புறவழி, வாளையாறு, பாலக்காடு, திருச்சூர் வழியாகக் கொச்சியை அடையும் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் சாலை, கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் ஆகிய மூன்று மாநிலங்களை ஒரே இரவில் கடந்துவிடலாம் என்ற நம்பிக்கையைப் பயணிகளுக்குத் தந்திருக்கும் வழித்தடமாகும். சேலம் வரை தேசிய நெடுஞ்சாலை 44 என்றும் அங்கிருந்து கொச்சி வரை 544 என்றும் எண்ணிடப்பட்டுள்ள இச்சாலையின் பிற்பகுதியை, 2010-ஆம் ஆண்டில் எண்கள் மாற்றியமைக்கப்பட்ட பின்னரும், பழைய ஓட்டுநர்கள் 47 என்றே வழங்குகிறார்கள். பெங்களூரில் பணிபுரியும் மலையாளிகளும் தமிழர்களும் வார இறுதியிலும், ஓணம், விஷு, பொங்கல் விடுமுறைகளிலும் குடும்பத்தோடு ஊர் திரும்புவதும், கொச்சித் துறைமுகத்துச் சரக்குகள் வடக்கு நோக்கிச் செல்வதும், கொங்கு நாட்டின் நூலும் துணியும் இரு திசைகளிலும் ஏற்றிச் செல்லப்படுவதும் இந்தச் சாலையில்தான்.

இத்தகைய நெடும்பயணத்தைத் திட்டமிடுவது முன்பைவிட எளிதாகியிருக்கிறது என்பதையும், அதில் தங்கள் அமைச்சகத்துக்குப் பங்குண்டு என்பதையும் முதலில் சொல்வதே முறை. சுங்கச்சாவடியில் நில்லாமல் வங்கிக் கணக்கிலிருந்து கட்டணம் கழியச் செய்யும் ஃபாஸ்டேக் ஒட்டுவில்லை 2021 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. தனியார் கார்களுக்கு ஓராண்டு அல்லது 200 கடப்புகள் வரை செல்லும் ஆண்டுச் சலுகைச் சீட்டு 3,000 ரூபாய் கட்டணத்தில் 2025 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. கிருஷ்ணகிரி, ஓமலூர், வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர் என்று வழியிலுள்ள சாவடிகளையும் அவற்றில் கட்ட வேண்டிய தொகையையும் புறப்படும் முன்பே கைப்பேசியில் பார்த்துக் கணக்கிட்டுக்கொள்ள முடிகிறது. ஆனால், தூரம், நேரம், கட்டணம் ஆகிய மூன்றையும் துல்லியமாக அறிந்துகொண்டு புறப்படும் ஒருவர், எந்த இடத்தில் வண்டியை நிறுத்தி அச்சமின்றி இரண்டு மணிநேரம் உறங்கலாம் என்பதை மட்டும் அறிந்துகொள்ள வழியில்லை. உயிரைக் காப்பது அந்த நான்காவது தகவல்தான்.

இந்த வழித்தடத்தின் கால அட்டவணையைச் சற்று கூர்ந்து நோக்கினால் இது விளங்கும். அலுவலகம் முடிந்து, இரவு உணவை முடித்துக்கொண்டு, சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் தணிந்த பிறகு பத்து மணியளவில் பெங்களூரை விட்டுக் கிளம்பும் குடும்பம், நள்ளிரவில் கிருஷ்ணகிரியையும், ஒரு மணியை ஒட்டித் தொப்பூர்க் கணவாயையும், இரண்டு மணிக்குள் சேலத்தையும் கடந்து, மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் பெருந்துறை–அவிநாசி வட்டாரத்தை அடைகிறது. மனித உடலுக்குள் இயங்கும் இருபத்து நான்கு மணிநேரச் சுழற்சியில் விழிப்பு மிகவும் தாழ்ந்து கிடக்கும் வேளை, பின்னிரவு இரண்டு மணி தொடங்கி விடியல் வரை நீள்வது என்பது உறக்க மருத்துவம் நன்கு நிறுவியுள்ள உண்மை. அந்த வேளையில்தான், வளைவுகள் குறைந்து, சாலை அகன்று, ஒரே சீராக ஓடும் சேலம்–கோவைப் பகுதி வருகிறது. ஓட்டுநரைச் சுறுசுறுப்பாக வைத்திருக்கும் இடையூறு எதுவும் இல்லாத நல்ல சாலையே அந்த நேரத்தில் அவரைத் தாலாட்டிவிடுகிறது. கண் ஒரு கணம் அசந்தால், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒவ்வொரு விநாடியும் 25 மீட்டர் ஆளில்லாமல் ஓடுகிறது.

2020 பிப்ரவரி 20 அன்று அதிகாலை, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்றுகொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தின் மீது, எதிர்த்திசையில் வந்த கன்டெய்னர் லாரி ஒன்று சாலையின் நடுத்திட்டைத் தாண்டி வந்து மோதியதில் 19 பேர் உயிரிழந்த இடம் அவிநாசிக்கு அருகில்தான். நேரம் மூன்று மணியைக் கடந்திருந்தது. லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணமென அப்போது கூறப்பட்டது. அந்தப் பேருந்தில் இருந்தவர்கள் எவரும் தம் பயணத்தைத் தவறாகத் திட்டமிட்டவர்கள் அல்லர். அனுபவமுள்ள ஓட்டுநர்கள், முறையான உரிமம், முன்பதிவு செய்த இருக்கை என எல்லாம் சரியாகவே இருந்தன. எதிரே வந்த வேறொருவரின் உறங்காத இரவு அவர்களைக் கொன்றது. ஆகவே, நெடும்பயணத்தில் ஓய்வு என்பது அவரவர் தனிப் பொறுப்பு என்று சொல்லி அமைச்சகம் ஒதுங்கிவிட இயலாது.

ஓய்வு குறித்துச் சட்டம் மௌனமாக இருந்ததில்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளில் எட்டு மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும், தொடர்ந்து ஐந்து மணிநேரம் பணிபுரிந்தவருக்குக் குறைந்தது அரைமணிநேர இடைவேளை தரப்பட வேண்டும் என்றும் பொதுவிதியாக வகுத்திருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வகுக்கப்பட்ட அத்தகைய ஓய்வை மதிக்க விரும்பும் லாரி ஓட்டுநர் ஒருவர், இந்தச் சாலையில் வண்டியை எங்கே நிறுத்துவார் என்பதுதான் கேள்வி. பெட்ரோல் பங்க்கில் டீசல் நிரப்பாத வண்டியை நிற்க விடுவதில்லை. லாரிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிறுத்தங்கள் பலவற்றில் வெளிச்சமும் கழிப்பறையும் காவலும் இல்லாததால், டீசலும் தார்ப்பாயும் திருடுபோகும் என்ற அச்சத்தில் ஓட்டுநர்கள் அங்கே கண்மூட மாட்டார்கள். எனவே சாலையோர மண்பகுதியில், வண்டியின் பாதி உடல் சாலைக்குள் நீட்டியிருக்க நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, நான்கடி தள்ளி ஒரு மரக்கிளையை முறித்துப் போட்டு, அதையே எச்சரிக்கை விளக்காகக் கருதி உறங்குகிறார்கள். பின்னால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கு அந்தக் கிளை கண்ணில் படுகிறபோது காலம் கடந்திருக்கும். உறங்காத லாரியும் கொல்கிறது, உறங்கும் லாரியும் கொல்கிறது என்ற நிலை, இடம் இல்லாத ஒரே காரணத்தால் நேர்ந்தது.

சாலையோர வசதி மையங்கள், அதாவது உணவு, கழிப்பறை, எரிபொருள், வண்டி நிறுத்தம், ஓட்டுநர் தங்குமிடம் ஆகியவை ஒரே வளாகத்தில் அமையும் இடங்கள், 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்று என அமைக்கப்பட வேண்டும் என்பது தங்கள் அமைச்சகமே ஏற்றுக்கொண்ட கொள்கை. கொள்கையில் குறையில்லை, அது நிலத்தை நோக்கி இறங்கும்போதுதான் தடம் மாறுகிறது. வாடகை அதிகம் கிடைக்கும் இடத்தில் உணவகங்கள் முதலில் எழுகின்றன, உறங்கும் கூடம் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. கைக்குழந்தையோடு வரும் பெண் ஒருவர் நள்ளிரவில் கழிப்பறையைத் தேடினால், பூட்டிய கதவின் சாவிக்காகப் பங்க் ஊழியரை எழுப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கத் தயங்கி அடுத்த ஊர் வரை தண்ணீர் குடிக்காமலேயே பயணம் செய்யும் பெண்களின் துன்பம் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை. மையங்களின் இடைவெளியைக் கிலோமீட்டரால் மட்டும் அளக்காமல், வண்டிகள் அந்த இடத்தை எந்த மணிக்கு வந்தடைகின்றன என்பதையும் சேர்த்து அளந்தால், சேலத்துக்கும் அவிநாசிக்கும் இடைப்பட்ட பகுதிக்கே முதல் உரிமை என்பது தானாகவே தெரியவரும்.

தொப்பூரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. இந்த இறக்கத்தின் கடுமையான பகுதி, தருமபுரி மாவட்ட எல்லையில் உள்ள தொப்பூர்க் கணவாயில், கட்டமேடு, இரட்டைப் பாலம் எனப்படும் இடங்களைச் சுற்றி அமைந்துள்ளது. பாரமேற்றிய லாரியை இத்தகைய இறக்கத்தில் கீழ்க் கியரில் வைத்து ஓட்டினால், எஞ்சினே சக்கரங்களை இழுத்துப் பிடித்து வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். டீசலை மிச்சப்படுத்த வேண்டும் என்ற நெருக்கடியில் ஓட்டுநர் வண்டியை நியூட்ரலில் இறக்கும்போது அந்தப் பிடி அறுந்து, முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது; தொடர்ந்து மிதிக்க மிதிக்க பிரேக் டிரம் சூடேறி, லைனிங் உராய்வை இழந்து, கடைசியில் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காத நிலை வருகிறது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் கட்டுப்பாட்டை இழந்த லாரிகள் முன்னால் இருந்த வாகனங்களின் மீது மோதி உயிர்களைப் பறித்த காட்சிகள் நாடெங்கும் பார்க்கப்பட்டன. இங்கே உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டம் வரவேற்கத்தக்கது. எனினும் அது முடியும் வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்றுண்டு: கணவாய்க்கு முன்பாகவே எல்லாக் கனரக வாகனங்களையும் கட்டாயமாக நிறுத்தி, பிரேக்கைச் சோதித்து, பத்து நிமிடம் ஆறவைத்து அனுப்பும் ஏற்பாடு. காரில் வரும் குடும்பத்துக்கும், இறக்கத்தில் லாரிக்கு நேர் முன்னால் செல்லக் கூடாது என்ற எளிய அறிவுரை, கன்னடத்திலும் தமிழிலும் மலையாளத்திலும், தருமபுரியிலேயே கிடைத்தாக வேண்டும்.

கோவைப் பக்கத்து நிலைமை வேறு. செங்கப்பள்ளியிலிருந்து ஆறுவழியாக வரும் சாலை நீலாம்பூரில் பிரிந்து மதுக்கரை வரை செல்லும் புறவழியில் சுருங்கியபோது, அகன்ற சாலையின் வேகத்துக்குப் பழகிய கண்ணும் காலும் எதிரே விளக்கோடு வரும் வண்டியை நேருக்கு நேர் சந்திக்க நேர்ந்தது. நெடுங்காலம் இருவழியாகவே விடப்பட்ட அந்த 28 கிலோமீட்டர் பல குடும்பங்களை அழித்திருக்கிறது. கேரளத்துக்குள், அம்மாநிலத்தின் முதல் சாலைச் சுரங்கமான குதிரானின் முதல் குழாய் 2021 ஜூலை 31 அன்று திறக்கப்பட்டதால் மலையேற்ற நெரிசல் நீங்கியது. ஆனால் திருச்சூருக்கு அப்பால் சுரங்கப்பாலப் பணிகளால் பயணிகள் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டதும், அதன் காரணமாகக் கேரள உயர்நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் பாலியேக்கரைச் சாவடியின் கட்டண வசூலை நிறுத்திவைத்ததும், அதில் தலையிட உச்சநீதிமன்றம் மறுத்ததும் தாங்கள் அறிந்தவையே. இரவெல்லாம் ஓட்டி வந்த ஒருவரை விடியற்காலையில் முன்னறிவிப்பின்றி இரண்டு மணிநேரம் நெரிசலில் நிறுத்துவது, அவர் சேமித்துவைத்திருந்த கடைசி விழிப்பையும் செலவழிக்கச் செய்வதாகும். எந்த வாரத்தில் எந்த இடத்தில் பணி நடக்கிறது என்பது பெங்களூரிலேயே தெரிந்தால், அவர் மறுநாள் காலை புறப்பட்டிருப்பார்.

விபத்து நேர்ந்த பின் வேண்டிய ஏற்பாடுகளில் நல்ல முன்னேற்றம் உண்டு. தமிழக எல்லைக்குள் விபத்துக்குள்ளாகும் எவருக்கும், அவர் எந்த மாநிலத்தவராயினும், முதல் 48 மணிநேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. 2025-இல் தங்கள் அமைச்சகம் ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழிசெய்தது. ஆயினும் இந்த வழித்தடத்தில் பயணம் செய்வோரில் எத்தனை பேருக்கு நெடுஞ்சாலை உதவி எண் 1033 மனப்பாடமாகத் தெரியும் என்பது ஐயமே.

2022-ஆம் ஆண்டில் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர் என்பதும், மொத்தச் சாலை நீளத்தில் ஏறத்தாழ இரண்டு விழுக்காடே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் அவர்களுள் 61,038 பேர் மாண்டனர் என்பதும் தங்கள் அமைச்சகத்தின் அறிக்கையே தரும் கணக்கு. ஐந்நூறு மீட்டர் நீளத்துக்குள் மூன்றாண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து உயிரிழப்புகள் பதிவான இடத்தை ‘பிளாக் ஸ்பாட்’ என்று அமைச்சகம் வரையறுத்து, அத்தகைய இடங்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. அந்தப் பட்டியல் அலுவலகக் கோப்பில் இருப்பதால் மட்டும் பயனில்லை. அது விபத்து நிகழ்ந்த மணியோடு சேர்த்து, ‘ராஜ்மார்க் யாத்ரா’ செயலி வழியாகப் பயணியின் கைக்கு அவர் தாய்மொழியில் வந்து சேர வேண்டும்.

ஆகவே இம்மடலின் வேண்டுகோள் இதுதான். புதிய கட்டடங்களுக்கான ஒப்பந்தப்புள்ளிகள் முடியும் வரை காத்திராமல், சேலத்துக்கும் அவிநாசிக்கும் இடையில் ஏற்கெனவே உள்ள சுங்கச்சாவடி வளாகங்களிலும் லாரி நிறுத்தங்களிலும், வெளிச்சமும் காவலும் தண்ணீரும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும், ஓட்டுநர்கள் படுத்துறங்கும் கூடமும் கொண்ட இடங்களை, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை கட்டணமின்றித் திறந்துவைக்க உத்தரவிட வேண்டும். அவை இருக்குமிடத்தைக் கிருஷ்ணகிரியிலும் வாளையாற்றிலும் மும்மொழிப் பலகைகளால் அறிவிக்க வேண்டும். ஓணத்துக்குக் கேரளம் நோக்கிப் புறப்படும் குடும்பங்கள் ஆண்டுதோறும் இதே சாலையில், இதே இரவு நேரத்தில்தான் வருகின்றன. அடுத்த ஓணத்துக்கு முன் இதைச் செய்து முடித்துத் தருமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறது இம்மடல்.