விடுமுறையில் இருந்தவர்கள்

2018ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையை மலையூர் ஒன்றில் கழித்துவிட்டு, மே 23 காலை ரயிலை விட்டு இறங்கினோம். பத்து நாட்கள் செய்தித்தாளைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டிருந்தோம். அதில் எங்களுக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. நிலையத்துக் கடையில் தொங்கிய நாளிதழ்கள் அனைத்திலும் தூத்துக்குடியே இருந்தது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்ற மக்கள் மீது முந்தைய நாள் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியிருந்தது. சீருடை அணியாத ஒருவர் காவல் வாகனத்தின் மேலேறிக் குறிபார்க்கும் காட்சியை வீடு சேர்ந்ததும் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் கண்டோம். பள்ளிப் பருவத்தைக் கடந்திராத பெண்ணொருத்தியும் மாண்டோரில் இருந்தாள். இறந்தோர் எண்ணிக்கை 13 ஆயிற்று. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது.

செய்திகளுள் எங்களை உறுத்தியது, அது போராட்டத்தின் நூறாவது நாள் என்ற விவரம். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையின் விரிவாக்கத்தை எதிர்த்து அ.குமரெட்டியாபுரம் மக்கள் அமர்ந்தது பிப்ரவரி 12 அன்று. மார்ச் 24இல் தூத்துக்குடி நகரமே கடையடைத்துத் திரண்டது. அப்போதெல்லாம் நாங்கள் மலையில் இல்லை, வீட்டில்தான் இருந்தோம். நாவல்களையும் கவிதைகளையும் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தோம். எங்கள் விடுமுறை பத்து நாட்களல்ல, நூறு நாட்கள் என்பது அன்றுதான் புரிந்தது. அமைதியாக அமர்ந்திருந்தவரை அவர்கள் எவர் கண்ணிலும் படவில்லை. குண்டு பாய்ந்த பிறகே செய்தியானார்கள்.

நிகழ்ந்ததைத் தொலைக்காட்சி வழியாகவே அறிந்ததாக அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியும் கூறினார். ஊர் சுற்றிவிட்டு வந்த நாங்கள் அவ்வாறு சொல்லலாம். காவல்துறையைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவர் சொல்லலாமா? நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அந்தக் கூற்றை ஏற்கவில்லை. உயர் அதிகாரிகள் அவருக்கு உடனுக்குடன் தெரிவித்தனர் என்றே அது பதிவு செய்தது. 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அதன் அறிக்கை, தூண்டுதல் ஏதுமின்றித் தப்பியோடியவர்கள் சுடப்பட்டனர் என்றது. 17 காவல்துறையினர் மீதும் அன்றைய ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது.

வாகனங்கள் எரிக்கப்படவில்லையா என்று கேட்போர் உண்டு. எரிக்கப்பட்டன. தீ வைத்தவனைக் கைது செய்யவும் வழக்குத் தொடுக்கவும் தண்டிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. புறமுதுகிட்டு ஓடுகிறவனைச் சுட எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

இலக்கியம் பயில்வோராகிய எங்களை வதைப்பது இன்னொன்று: சொற்கள். 'கலவரம்', 'சமூக விரோதிகள்' என்னும் சொற்கள் எத்துணை விரைவாக வந்து பிணங்களின்மேல் போர்த்தப்பட்டன! இதே நிலத்தில் 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானபோது மக்கள் வீதிக்கு வந்தனர். திருநெல்வேலியில் சுடப்பட்டு நால்வர் மாண்டனர். வெள்ளை அரசு அதனைக் கலகம் என்றது. இன்று நாம் எழுச்சி என்கிறோம். அதைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய நூல் 2024க்கான சாகித்திய அகாதெமி விருதும் பெற்றுவிட்டது. நூறாண்டுக்கு முன் மாண்டவர்களுக்கு உரிய சொல்லைத் தருகிறோம். நேற்று மாண்டவர்களுக்கு அதிகாரம் எழுதிக்கொடுத்த சொல்லையே இரவல் வாங்குகிறோம்.

ஆலையை நிரந்தரமாக மூடும் அரசாணை 2018 மே 28 அன்று வெளியாயிற்று. அதை எதிர்த்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. நூறு நாட்களாக மக்கள் கேட்டதைத் தர அரசுக்குத் துப்பாக்கிச்சூட்டிற்குப் பின் ஆறு நாட்களே போதுமாயிருந்தன. அந்த ஆறு நாட்கள் மே 22க்கு முன்னரே ஏன் வாய்க்கவில்லை என்பதற்கு அரசு விடை சொல்லட்டும். அந்த நூறு நாட்கள் நாங்கள் எங்கிருந்தோம் என்பதற்கு எங்களிடம் இருப்பது வெட்கம் ஒன்றே.

இப்போதும் எங்கோ ஒரு மரத்தடியில் எவரோ நாற்பதாம் நாளையோ ஐம்பதாம் நாளையோ எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். நூறு ஆகும்வரை காத்திராமல் நாம் திரும்பிப் பார்க்க வேண்டும்.