'ஜே' என்றால் பயமா?

மின்னியல் படிக்க வரும் நண்பர்கள் பலரை மிரட்டுவது கரண்ட் அல்ல, கணக்குதான்! மோட்டாரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவன்கூட, ஏ.சி. சர்க்யூட் பாடத்தில் 'ஜே' வந்ததும், "இது நமக்கு ஆகாதுப்பா" என்று நோட்டை மூடிவிடுகிறான். குளத்தூர், விளாத்திகுளம் போன்ற கரிசல் ஊர்களில் தமிழ் வழியில் படித்து, வீட்டுக்கு முதல் ஆளாகப் பாலிடெக்னிக் வருபவனுக்கு நாலு அரியர் விழுந்தால், படிப்பே நின்று போகிறது.

உண்மையில் இந்த ஜே வந்ததே பொறியாளரின் பாரத்தைக் குறைக்கத்தான். ஏ.சி. பரவத் தொடங்கிய காலத்தில், ஒரு சர்க்யூட்டைக் கணக்கிட வகைக்கெழுச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1893இல் இருவர் அதற்கு வழி கண்டனர். ஒருவர், 1861இல் நம் பம்பாயில் பிறந்த ஆர்தர் கென்னலி. மற்றவர், 1889இல் அமெரிக்காவில் குடியேறிய ஸ்டைன்மெட்ஸ். சிகாகோ மின்னியல் மாநாட்டில் இவர் கலப்பெண் முறையை விரிவாக விளக்கினார். அதன்பின் கூட்டல், பெருக்கல், வகுத்தலிலேயே வேலை முடிந்தது.

ஜே என்றால் '90 டிகிரி திரும்பு', அவ்வளவுதான்! இருமுறை திரும்பினால் முகம் எதிர்ப்பக்கம். அதனால்தான் ஜே ஸ்கொயர், மைனஸ் ஒன்று. வரப்பில் 30 அடி நடந்து, செங்குத்தாகத் திரும்பி 40 அடி நடங்கள். கிளம்பிய இடத்திலிருந்து நேர்த்தூரம் 70 அடியா? இல்லை, 50 அடி. அதேபோல் 30 ஓம் ரெசிஸ்டன்ஸும் 40 ஓம் ரியாக்டன்ஸும் தொடராகச் சேர்ந்தால், இம்பீடன்ஸ் 50 ஓம். 230 வோல்ட் கொடுத்தால் 4.6 ஆம்பியர்; பவர் ஃபேக்டர் 0.6. மோட்டார் காயில் ஒரு பக்கம் திரும்பினால், கெப்பாசிட்டர் மறுபக்கம் திரும்பும். பம்புசெட்டுக்குக் கெப்பாசிட்டர் ஏன் போடுறாங்கன்னு இப்போது விளங்குகிறதா?

"அப்படின்னா கஷ்டமான கணக்கையெல்லாம் சிலபஸிலிருந்து எடுத்துடலாமே?" என்று கேட்கலாம். கூடாது! ஜே முறை, சீராக ஓடும் கரண்டுக்குத்தான். சுவிட்சைப் போட்ட கணத்தில் கரண்ட் எப்படி ஏறி அடங்குகிறது என்றறிய, அந்தப் பழைய சமன்பாடுகள் வேண்டும். அதை எடுத்துவிட்டால் நாம் வெறும் ஒயர்மேன்களாகவே நின்றுவிடுவோம்.

மாற வேண்டியது சொல்லித்தரும் வரிசை. முதலில் வரப்பு, அடுத்து லேபில் மீட்டர், கடைசியில் ஃபார்முலா, அதுவும் தமிழில். ஆசிரியப் பெருமக்கள் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். நமது மாணவர் பேரவையும் வாரம் ஒரு மாலை, மூன்றாமாண்டு அண்ணன்மார் முதலாமாண்டுத் தம்பி தங்கைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஏற்பாடு செய்யட்டும்!