பனிமலையில் பாதி வழியில் திரும்புவதும் தவக்குல்தான்

குளிர்காலம் வந்துவிட்டால் காஷ்மீர் சுற்றுலா விளம்பரங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வரிசை கட்டுகின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் போனஸ் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு குல்மர்க், சோன்மர்க் என்று கிளம்புகிறார்கள். அப்படிக் கிளம்பவிருந்த ஒரு தம்பி, சேரப்பணஞ்சேரியில் தொழுகை முடிந்ததும் என்னிடம் ஒரு வீடியோவைக் காட்டினார். செங்குத்தான வெள்ளைச் சரிவில் ஸ்னோமொபைல் என்னும் பனி வண்டி சீறிக்கொண்டு ஏறுகிறது.

"இதுல ஏறணும்னுதான் போறோம் ஹஜ்ரத். துஆ செய்யுங்க" என்றார்.

துஆ செய்தேன். "அங்க பனிச்சரிவு எச்சரிக்கை இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க தம்பி?" என்றும் கேட்டேன். "அதெல்லாம் தெரியாது ஹஜ்ரத். அல்லாஹ் பாத்துக்குவான்" என்றார்.

இதே தம்பி, வேலை செய்யும் இடத்தில் பழுதான இயந்திரத்தில் கை வைப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்பவர். அங்கே "அல்லாஹ் பாத்துக்குவான்" என்று சொல்லி யாரும் பூட்டை விட்டுவிடுவதில்லை. தொழிற்சாலையில் இருக்கும் இந்த ஒழுங்கு, விடுமுறைக்குப் போன இடத்தில் மட்டும் ஏன் காணாமல் போகிறது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

எச்சரிக்கை இருந்தும்...

2023 ஏப்ரல் 4. சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாதுலா செல்லும் ஜவாஹர்லால் நேரு சாலையில் பனிச்சரிவு விழுந்து ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்கள் மலையேற்ற வீரர்கள் அல்லர். நம்மைப் போல் பனியைப் பார்க்கவும் படம் எடுக்கவும் போனவர்கள். 13ஆவது மைல் வரைதான் அனுமதி இருந்தது. விபத்து நடந்ததோ 15ஆவது மைலில். "இன்னும் கொஞ்சம் மேலே போவோம்" என்ற அந்த இரண்டு மைலில்தான் மரணம் காத்திருந்தது.

அதே ஆண்டு பிப்ரவரி 1 அன்று குல்மர்க்கின் அபர்வத் மலையில் சரிவு ஏற்பட்டு, போலந்து நாட்டுப் பனிச்சறுக்கு வீரர்கள் இருவர் இறந்தனர். 2024 பிப்ரவரி 22 அன்று அதே குல்மர்க்கின் கிலன்மர்க் பகுதியில் ரஷ்ய நாட்டவர் ஒருவர் பலியானார்.

2025 பிப்ரவரி 28 அதிகாலை, உத்தராகண்டில் பத்ரிநாத்துக்கு அருகிலுள்ள மாணா கிராமத்தில், எல்லைச் சாலை அமைப்பின் பணியில் இருந்த 54 தொழிலாளர்கள் பனியில் புதைந்தார்கள். 46 பேர் மீட்கப்பட்டார்கள், 8 பேர் இறந்தார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து கண்டெய்னர்களில் தங்கியிருந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட வாழ்க்கையை நம் தொழிற்பேட்டையிலும் பார்க்கிறோம். சண்டிகரில் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம், அந்த மாவட்டத்துக்கு முந்தைய நாள் மாலையே பனிச்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தது. எச்சரிக்கை வெளியானால் மட்டும் போதாது. அது தொழிலாளியின் காதுக்கு வந்து சேர வேண்டும், அவரை அங்கிருந்து நகர்த்தும் பொறுப்பும் யாராவது ஒருவருக்கு இருக்க வேண்டும்.

பனிச்சரிவு தமிழகத்துக்குத் தூரத்துச் செய்தியும் அன்று. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பத்து வீரர்கள் புதைந்தார்களே, அவர்களில் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள்.

பனி வண்டிப் பிரியர்கள் அதிகமுள்ள கனடாவின் அனுபவமும் இதுதான். 2010 மார்ச் 13 அன்று ரெவெல்ஸ்டோக் அருகே பவுல்டர் மலையில் ஏறத்தாழ 200 பேர் கூடியிருந்தபோது சரிவு விழுந்தது. இருவர் இறந்தார்கள், முப்பது பேர் வரை காயமடைந்தார்கள். 2016 ஜனவரி 29 அன்று மெக்பிரைடு அருகே பனி வண்டி ஓட்டிகள் ஐந்து பேர் ஒரே சரிவில் உயிரிழந்தார்கள்.

பனி ஏன் சரிகிறது?

பனி ஒரே நாளில் குவிவதில்லை, அடுக்கடுக்காகப் படிகிறது. சில அடுக்குகள் ரவை போல உதிரியாக, பிடிப்பில்லாமல் இருக்கும். அதன்மேல் புதுப்பனி கனமான பலகை போல உட்கார்ந்துகொள்ளும். ரவை பரப்பிய தட்டின் மேல் பலகையை வைத்துச் சாய்த்தால் என்ன ஆகும்? அதேதான் மலையிலும் நடக்கிறது.

ஆபத்தான சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்வு உள்ளவை. நம் வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறக்குறைய 30 டிகிரி. ஆகவே மாடிப்படி அளவுக்கோ அதைவிடச் செங்குத்தாகவோ உள்ள பனிச்சரிவைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அடிவாரத்தில் சமதளத்தில் நிற்பவர்களும் தப்ப முடியாது, மேலே இருந்து வருவது அவர்கள் தலையில்தான் விழும்.

சத்தம் போட்டால் பனி சரியும் என்பது சினிமாக் கதை. சரியவைப்பது எடைதான். பொழுதுபோக்குக்காகப் போய்ச் சிக்குபவர்களில் மிகப் பெரும்பாலோர், தாங்களோ உடன் வந்தவர்களோ மிதித்துக் கிளப்பிய சரிவில்தான் சிக்குகிறார்கள். பனி வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலவீனமான அடுக்கு உடையும்போது "வும்ப்" என்று ஓர் அமுங்கிய ஓசை எழும். நடந்து போகிறவருக்கு அது கேட்கும். வண்டியில் இருப்பவருக்கு இஞ்சின் இரைச்சலில் கேட்காது.

உமர் (ரலி) திரும்பிய பாதை

இப்போது "அல்லாஹ் பாத்துக்குவான்" என்ற சொல்லுக்கு வருவோம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணப்பட்டு 'ஸர்க்' என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் அழைத்து ஆலோசித்தார்கள். கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. குறைஷிகளின் மூத்தவர்கள் மட்டும் ஒரே குரலில், திரும்பிவிடுவதே நல்லது என்றார்கள். மறுநாள் காலையில் திரும்புவதாக உமர் (ரலி) அறிவித்தார்கள்.

அல்லாஹ்வின் விதியிலிருந்து தப்பி ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கித்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போக வேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் கட்டளையை எடுத்துச் சொன்னதும், உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

எவ்வளவு தூரம் வந்துவிட்டோம், எத்தனை பேர் உடன் வந்திருக்கிறார்கள் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. நாமோ விமானக் கட்டணம், ஹோட்டல் வாடகை, வண்டிக்குக் கொடுத்த முன்பணம் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு, "இவ்வளவு தூரம் வந்துட்டு ஏறாம போறதா?" என்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களில் ஒன்று. எச்சரிக்கையைக் கேட்டுத் திரும்பியவர் கோழை அல்லர், அவருடைய தவக்குலிலும் குறை ஏதுமில்லை.

இதில் பிறர் உரிமையும் இருக்கிறது. குல்மர்க்கில் வண்டி ஓட்டுபவர் பெரும்பாலும் அந்த ஊர் முஸ்லிம் சகோதரர். சில மாதச் சீசனில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. "பாய், இன்னும் மேலே போங்க, ஐநூறு சேர்த்துத் தர்றோம்" என்று நாம் வற்புறுத்தினால், அவர் மனம் வேண்டாம் என்றாலும் வண்டி மேலே போகும். அந்தப் பணத்துக்காக அவர் பிள்ளைகளை யதீம்களாக்கும் அபாயத்தில் நாமும் பங்காளிகள் ஆகிறோம்.

என்ன செய்ய வேண்டும்?

பனிமலைக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அல்லாஹ்வின் படைப்பைப் பார்க்கப் போங்கள். குல்மர்க்கின் சமவெளியில், அனுமதிக்கப்பட்ட தடத்தில் ஓட்டுவது வேறு, தடத்தை விட்டுச் சரிவில் ஏறுவது வேறு.

1. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் டி.ஜி.ஆர்.இ.யும் வெளியிடும் எச்சரிக்கைகளை முந்தைய இரவும் அன்று காலையும் பாருங்கள். ஹோட்டலிலும் காவல்துறையிடமும் கேளுங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்றைய திட்டத்தை மாற்றுங்கள்.

2. கடும் பனிப்பொழிவுக்குப் பிந்தைய ஓரிரு நாட்கள், பலத்த காற்று அடித்த நாள், திடீரென வெயில் ஏறிய நாள் ஆகியவை கூடுதல் ஆபத்தானவை. பக்கத்தில் புதிதாகச் சரிந்த தடமோ, பனியில் ஓடும் விரிசலோ கண்ணில் பட்டால் உடனே திரும்புங்கள்.

3. சரிவின் அடியில் குடும்பத்தோடு நின்று படம் எடுக்காதீர்கள். தடுப்புக் கயிற்றையும் அனுமதி எல்லையையும் தாண்டாதீர்கள்.

4. கனடா போன்ற நாடுகளில் வசிப்பவர்கள் தடத்துக்கு வெளியே ஓட்டுவதாக இருந்தால், பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பு முடித்த பிறகே போக வேண்டும். சமிக்ஞைக் கருவி, துழாவும் கோல், மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். சமிக்ஞைக் கருவியை வண்டியில் வைக்காமல் உடம்பில் அணிய வேண்டும். சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஏற வேண்டும். மேலே ஒருவர் சிக்கிக்கொண்டால் இன்னொரு வண்டி அங்கே போகக் கூடாது. இரண்டாவது வண்டியின் எடையே பனியை உடைத்துவிடலாம்.

5. ஒருவர் புதைந்துவிட்டால், கடைசியாக அவரைப் பார்த்த இடத்தைக் குறித்துக்கொண்டு அப்போதே தேடத் தொடங்குங்கள். ஒருவர் 112ஐ அழைக்கட்டும், மற்றவர்கள் தேடட்டும். முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்தைத் தாண்டினால் ஏறக்குறைய மூவரில் ஒருவர்தான். நீங்களே சிக்கினால், பனி நிற்பதற்கு முன் கையை முகத்துக்கு முன் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் உண்டாக்குங்கள். நின்றபின் பனி சிமெண்ட் போல இறுகிவிடும்.

சியாச்சினில் ஹனுமந்தப்பா ஆறு நாட்களுக்குப் பிறகு உயிரோடு எடுக்கப்பட்டாரே என்று சிலர் கேட்கலாம். அது அல்லாஹ்வின் வல்லமைக்கு அத்தாட்சி. ஆனால் அதை நம்பிப் பயணம் போக முடியாது. அவரும் 2016 பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்துபோனார்.

அந்தத் தம்பி போவதற்கு முன் மறுபடி வந்தார். "தடத்துக்குள்ள மட்டும்தான் ஓட்டுவோம் ஹஜ்ரத், உம்மாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். அவருடைய உம்மாவுக்கு அதைவிட நிம்மதி தரும் சொல் வேறு என்ன இருக்க முடியும்?

பயணம் போகும் நம் பிள்ளைகளையும், பனியில் பிழைப்பு நடத்தும் தொழிலாளர்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! எச்சரிக்கையைக் கேட்கும் காதையும், திரும்பி வரும் துணிவையும் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.