தபாலட்டையும் கொழுந்துக் கூடையும்

விற்பனைக் கலை பயில்வோர்க்குத் தபாலட்டையின் சிறப்புகள் இன்றும் எடுத்துரைக்கப்படுகின்றன. உறைக்குள் ஒளியாதது; பிரிக்காமலே படிக்கப்படுவது; மலிவானது; படம் அழகாயின் குப்பைக்குப் போகாமல் சுவரில் ஏறுவது. இவையாவும் உண்மையே. ஆயினும், இக்கருவியின் ஆற்றலை மெச்சுவோர் அது யாருடைய முகத்தைக் கொண்டு எதனை விற்றது என்று வினவுவதில்லை. அவ்வினாவுக்கு விடை காண இலங்கை மாணவர் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை.

1869 ஒக்ரோபரில் ஒஸ்திரிய-ஹங்கேரியில் வெளிவந்த முதலாவது அஞ்சல் அட்டை படமேதும் அற்றது. சுருங்கிய செய்தியைக் குறைந்த செலவில் அனுப்புவதே அதன் நோக்கம். படம் ஏறிய பின்னரே வணிகம் அதனைக் கைப்பற்றியது. 1902இல் பிரித்தானிய அஞ்சல் துறை முகவரிப் பக்கத்திலேயே செய்தியையும் எழுத இடமளித்தது. மறுபக்கம் முழுவதும் படத்துக்கு உரியதாயிற்று. 1890இல் கொழும்பில் தொடங்கப்பெற்ற பிளாட்டே கம்பனி போன்ற படப்பிடிப்பு நிலையங்கள் இவ்வாய்ப்பை நன்கு பயன்படுத்திக்கொண்டன. கப்பலால் இறங்கிய வெள்ளைக்காரப் பயணிக்கு யானை, தென்னஞ்சோலை, தலதா மாளிகை ஆகியவற்றோடு இன்னொரு படமும் காத்திருந்தது: கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண். யானையும் அவளும் ஒரே அடுக்கில் விற்பனைக்கு இருந்தனர்.

இவ்விற்பனையின் சூட்சுமம் இங்கேதான் உள்ளது. சுவரொட்டிக்கு வணிகன் பணம் கொடுக்க வேண்டும். பத்திரிகை விளம்பரத்துக்கும் அவ்வாறே. படத் தபாலட்டைக்கோ விளம்பரத்தைச் சுமந்து செல்பவனே விலை கொடுத்தான். முத்திரையும் அவனே ஒட்டினான். தன் கையெழுத்தில் நற்சான்றும் எழுதினான். தேயிலைக் கடைக்காரனின் சொல்லை ஐயுறும் தாய், கடல் கடந்து சென்ற மகன் அனுப்பிய குளிர்ந்த மலைச்சாரலையும் புன்னகைக்கும் பெண்ணையும் ஐயுறுவாளா? 1890இல் இங்கு தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டனும் கொழுந்துக் கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண்ணையே தமது தேயிலையின் அடையாளங்களுள் ஒன்றாக்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்பது அவரது விளம்பர வாசகம். தோட்டத்துக்கும் கெண்டிக்கும் இடையில் இருந்த கங்காணியும் கடனும் லயன் அறையும் அவ்வாசகத்தில் இல்லை. 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை தோன்றுமுன்பே அச்சபையின் வேலையில் ஒரு பகுதியைத் தபாலட்டை செய்யத் தொடங்கிவிட்டது.

அந்த அட்டைகளைச் சற்று உற்று நோக்குதல் தகும். அக்காலத்து வண்ண அட்டைகளிற் பல ஜேர்மனியில் அச்சாயின. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அச்சகத்திலேயே நிறம் ஏற்றுவது வழக்கம். ஆகவே, இலங்கையைக் கண்டிராதவர்களே பலவேளைகளில் அவளது சேலையின் நிறத்தைத் தீர்மானித்தனர். படத்தின் கீழே 'தமிழ்க் கூலிகள்', 'கொழுந்து பறிக்கும் தமிழர்' என்பன போன்ற குறிப்புகள். பெயர் இல்லை. தோட்டத்தின் பெயர் அச்சான அட்டைகளிலும் அவளுக்குப் பெயர் இல்லை. மூக்குத்தி தெளிவாகத் தெரியும். அட்டை கடித்த கால்கள் தேயிலைச் செடிக்குப் பின்னே மறைந்திருக்கும். (குருதி குடிக்கும் அட்டைக்கும் தபாலட்டைக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது தற்செயலே, எனினும் பொருத்தமற்றதன்று.)

இவ்வட்டைகள் இல்லையேல் அம்மக்களின் உடையும் அணியும் நமக்குத் தெரியவந்திரா, எனவே இவற்றை வரலாற்று ஆவணங்களாகப் போற்ற வேண்டும் என்பார் உளர். ஆவணம் என்பதில் ஐயமில்லை. ஆயின் எதற்கு ஆவணம்? 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது; 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நாட்டின் சின்னமாக உலகெங்கும் அனுப்பப்பட்டவள் நாட்டின் பிரசையாக ஏற்கப்படவில்லை. அவளது உருவத்துக்குச் சந்தையில் ஒரு நாளும் ஒப்பந்தம் தேவைப்பட்டதில்லை; அவளது உடலுக்கு மட்டும் இரு அரசுகளின் ஒப்பந்தம் தேவைப்பட்டது.

கருவி குற்றமுடையதன்று. இங்கிலாந்தில் வாக்குரிமை கோரிய பெண்கள் இதே தபாலட்டையைத் தாமே வரைந்து, தாமே அச்சிட்டு விற்றனர். 1909இல் அமைந்த சபிரேஜ் அட்டலியர் என்னும் கலைஞர் குழு அதற்குச் சான்று. அங்கே படத்தில் இருந்தவளும் படத்தை விற்றவளும் ஓரணியினர். மலையகப் பெண்ணின் கையில் அவ்வட்டை ஒருபோதும் கொடுக்கப்படவில்லை. இன்று விற்பனை உத்தி கற்பிப்போர் இவ்வேறுபாட்டைக் கூறாமல், பழைய படங்களை மறுபதிப்புச் செய்து தேயிலைப் பெட்டியிலும் விடுதி வரவேற்பறையிலும் வைப்பதைப் புதுமை என்று பாராட்டுவது எங்ஙனம் பொருந்தும்? உரிமை கேட்டவளை விட்டுவிட்டுப் புன்னகைத்தவளை மட்டும் மீண்டும் அச்சிடுவதில் புதுமை யாது?

இனி, அவளுக்கே ஒரு தபாலட்டை அனுப்ப விரும்புவோர் என்ன செய்வது? பல தோட்டங்களில் இந்நூற்றாண்டிலும் லயன் அறைகளுக்குத் தனி முகவரி கிடையாது. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே தோட்டத்தின் பெயர். கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து எவர் கையிலாவது கொடுக்கப்பட்டு, வந்தால் வரும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, நாள் கடந்தபின் கைக்கு வருவது அங்கு புதுமையன்று. அவளது படம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே லண்டன் வீடுகளின் கதவிலக்கம் தேடிச் சென்று சேர்ந்துவிட்டது. அவளது கதவுக்கு இலக்கம் இன்னும் இடப்படவில்லை.